ரத்தினம்மா சம்பளம் கேட்டாள்

சிராங்கூன் சாலையின் இரு பக்கமும் மாட்டுக் கொட்டகைகள் நிறைந்திருந்த காலம் அது. மின்சார டிராம் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள்தாம் ஆகியிருந்தன. சாலையை விட்டுப் பிரியும் ஒரு சந்தின் கோடியில், வைக்கோல் போட்டு வைத்திருந்த நீளமான கிடங்கு ஒன்றைத் தமிழ் வியாபாரிகள் சிலர் சேர்ந்து வாங்கிச் சுண்ணாம்பு அடித்து, நடுவே பலகைத் தடுப்பு வைத்து, ஆண்களுக்கு ஒரு பக்கமும் பெண்களுக்கு ஒரு பக்கமுமாகக் கட்டில் போட்டார்கள். வாசலில் 'ஏழை நோயாளர் தரும சங்கம்' என்று பலகை தொங்கியது. அந்தப் பெயரை ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது சீக்குச் சத்திரம்.

ரோட்டில் கல் உடைத்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள், கால் வீங்கித் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள், ஆஸ்பத்திரி என்றாலே பிணமாகத்தான் வெளியே வருவோம் என்று பயந்தவர்கள் அங்கே வந்து படுத்தார்கள். சிலர் எழுந்து போனார்கள். பலர் போகவில்லை.

ரத்தினம்மா அங்கே முதன்முதலாகப் போனது வேலைக்கு அல்ல. அவள் புருஷன் மாட்டு வண்டி வைத்திருந்தவர். டோபி காட் பக்கத்தில் ஒரு கடைவீட்டை வாங்கிப் போட்டுவிட்டு, ஒரு காய்ச்சலில் கண்ணை மூடினார். பிள்ளை இல்லை. கீழ்த்தளத்தில் ஒலி முகம்மது என்பவர் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் மாதாமாதம் கொடுத்த வாடகையில் அவள் மேல்மாடியில் தனியாகக் காலம் தள்ளினாள். புருஷனிடம் வண்டி ஓட்டிய கிழவன் ஒருவன் சீக்குச் சத்திரத்தில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, ஒரு தூக்குச் சட்டியில் ரசஞ்சாதம் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனாள்.

கிழவன் தன் அசுத்தத்திலேயே கிடந்தான். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரத்தினம்மா தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து அவனைக் கழுவினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனையும் கழுவினாள். மறுநாளும் போனாள். கிழவன் செத்த பிறகும் போனாள். வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த வீட்டில் இல்லாத ஏதோ ஒன்று அந்த நாற்றத்துக்கும் முனகலுக்கும் நடுவில் அவளுக்குக் கிடைத்தது. தான் போனால் நாலு பேர் முகத்தில் வெளிச்சம் வருகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சங்கத்தின் காரியதரிசி சுப்பிரமணியம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. நல்ல மனிதர், ஆனால் எப்போதும் அவசரத்தில் இருப்பவர். "அம்மா, நீங்களே பொம்பளைங்க பக்கத்தைப் பாத்துக்கிட்டா எங்களுக்குப் பெரிய உபகாரம்" என்றார். "சம்பளம்னு ஏதாச்சும்..." என்று இழுத்தார்.

"எனக்கு எதுக்குங்க ஐயா சம்பளம்? வாடகை வருது. ஒத்தை வயிறு" என்றாள் ரத்தினம்மா.

அந்தப் பதில் சங்கத்துக்கு மிகவும் பிடித்துப்போனது.

சங்கத் தலைவர் அழகப்பன் மாட்டு வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். சத்திரத்துக்கு வேண்டிய அரிசி முழுவதும் அவர் வீட்டுக் கிடங்கிலிருந்து வந்தது. ஒவ்வொரு வருஷமும் தைப்பூசம் முடிந்த பின் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரத்தினம்மாவைப் பற்றிப் பேசுவார். "இந்தச் சங்கத்தில் ஒரு தாய் இருக்கிறாள். கூலி என்ற சொல்லையே அறியாதவள்" என்பார். கூட்டம் கை தட்டும். தமிழ்ப் பத்திரிகையில் அதை அப்படியே போடுவார்கள். அதைப் படித்துவிட்டுப் பினாங்கிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் பணம் அனுப்பினவர்கள் உண்டு. மாரியம்மன் கோயிலுக்குப் போனால் முன்பின் தெரியாத பெண்கள் வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "ஐயோ, என்னம்மா இது" என்று அவள் விலகிக்கொள்வாள். ஆனாலும் வீடு திரும்பும் வழியெல்லாம் மனசு குளிர்ந்திருக்கும்.

சத்திரத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்களும் இருந்தார்கள். சமையலுக்கு ஒருவர், ஆண்கள் பக்கம் இரண்டு பேர், பெண்கள் பக்கம் ரத்தினம்மாவுக்குத் துணையாக அன்னம்மா. அன்னம்மா காரைக்கால்காரி. ஓஃபியர் ரோட்டு மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவள். புருஷன் தொங்கான் படகில் சரக்கு ஏற்றும்போது கால் நசுங்கி வீட்டோடு கிடந்தான். இரண்டு பெண் பிள்ளைகள். அவள் கைக்கு ஒரு பக்குவம் உண்டு. வாய் திறக்காத நோயாளியையும் ஏதாவது கிண்டல் பேசிச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பில் ஒரு கரண்டிக் கஞ்சியை உள்ளே தள்ளிவிடுவாள்.

"அக்கா, இந்தக் கிழவி என்னைத் திட்டுறதுக்காகவே உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. திட்டட்டும், அதுவும் ஒரு மருந்துதானே" என்பாள்.

அவளுக்குக் கொடுத்த சம்பளம் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் பாதி மாதம் வந்தது. மீதி மாதத்தை ஓட்ட, விடியுமுன் சாக்கு தைத்தாள். வாரத்தில் ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. வராத நாளுக்குக் கூலியும் கிடையாது. இதெல்லாம் ரத்தினம்மாவுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் அதைப் பற்றி அவள் யோசித்ததில்லை. தர்ம காரியம் என்றால் கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தாள்.

ஒரு மழைக்காலத்தில் பெண்கள் பக்கம் விஷக் காய்ச்சல் பரவியது. இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிய அன்னம்மாவுக்கும் காய்ச்சல் கண்டது. வேலை செய்துகொண்டிருந்தவள் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரத்தினம்மா அவளைக் காலியாக இருந்த ஒரு கட்டிலில் படுக்க வைத்தாள்.

சாயங்காலம் வந்த சுப்பிரமணியம் அதைப் பார்த்துத் தயங்கினார்.

"அம்மா, ஆதரவு இல்லாதவங்களுக்குத்தான் இங்க இடம். வேலையில இருக்கிறவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு. இன்னிக்கு இவளைச் சேர்த்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"ஐயா, இங்க பிடிச்ச காய்ச்சல்தானே இது?"

"தலைவர் போட்ட விதி அம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

அன்னம்மா கண்ணைத் திறந்தாள். யாரும் சொல்வதற்கு முன்பே கட்டிலை விட்டு இறங்கினாள். ரிக்‌ஷாவில் ஏற்றி விட்டபோது ரத்தினம்மாவின் கையைப் பிடித்து, "பரவால்ல அக்கா, நீங்க உள்ள போங்க, அந்தக் கிழவிக்குக் கஞ்சி குடுக்கல" என்றாள்.

ஒரு மாதம் போல் அவள் படுக்கையில் கிடந்தாள். அந்த மாதம் சம்பளம் வரவில்லை. ரத்தினம்மா தன் கைக்காசில் அரிசியும் மீனும் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். எழுந்து நடக்க முடிந்ததும் அன்னம்மா சத்திரத்துக்கு வந்தாள். ஆனால் வேலைக்கு வரவில்லை. தங்ளினில் ஒரு துரை வீட்டில் ஆயா வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். சாப்பாடு போட்டு, இங்கே கொடுப்பதுபோல் இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம்.

ரத்தினம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. "இந்த ஜனங்களை விட்டுட்டா? வெள்ளைக்காரன் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கவா? செய்யிற புண்ணியத்தைப் பாதியில போட்டுட்டுப் போறியே அன்னம்மா."

அன்னம்மாவின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "வரேன் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் இடத்துக்கு ஒருத்தி வந்தாள், சில வாரங்களில் நின்றாள். இன்னொருத்தி வந்தாள், ஒரு வாரத்தில் சொல்லாமல் போனாள். வந்தவர்களுக்குக் கட்டிலில் இருப்பவர்களின் பெயர் தெரிவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். ரத்தினம்மாவே விடிவதிலிருந்து விளக்கு வைப்பது வரை ஓடினாள். இடுப்பு விட்டுப்போனது. நோயாளிகள் மீது எரிந்து விழுந்தாள். பிறகு அதற்காக வருந்தினாள்.

அப்போது பெண்கள் பக்கம் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல், குழந்தையையும் பறிகொடுத்துவிட்டு வந்தவள். கல் உடைத்துக் காய்த்துப்போன கைகள். எந்நேரமும் அவளுக்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம், புதிதாக வந்திருந்த வேலைக்காரி இதோ வருகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. ஆண்கள் பக்கம் ஒருவனுக்கு வலிப்பு கண்டிருந்ததால் ரத்தினம்மாவை அங்கே கூப்பிட்டார்கள். வெளியே மழை. தகரக் கூரை மேல் விழுந்த மழைச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது பவளாயி கட்டிலிலிருந்து பாதி இறங்கிக் கிடந்தாள். தண்ணீர்க் குவளையை நோக்கி ஒரு கை நீண்டிருந்தது. தரையெல்லாம் ரத்தம். எதிர்க் கட்டிலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த பெண் அழுதுகொண்டே சொன்னாள்: "கூப்பிட்டா அம்மா. ரொம்ப நேரம் கூப்பிட்டா. நானும் கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கல."

ரத்தினம்மா அவளைக் குளிப்பாட்டினாள். ரத்தம் தோய்ந்த தரையைத் தானே கழுவினாள். அன்று சுப்பிரமணியம் வந்து, "ஆண்டவன் விதிச்சது அம்மா, நம்ம கையில என்ன இருக்கு" என்றபோது அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்ளினுக்குப் போனாள். பெரிய மரங்களுக்கு நடுவே இருந்த பங்களாவின் பின்புறம், வேலைக்காரர் குடியிருப்பு வரிசையில் அன்னம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் சின்னப் பெண் கொழுகொழுவென்று உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. ரத்தினம்மாவைப் பார்த்ததும் அன்னம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தினம்மா பவளாயியின் கதையைச் சொன்னாள். அன்னம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நீ திரும்பி வந்துடு அன்னம்மா" என்றாள் ரத்தினம்மா. "உன் கை இருந்திருந்தா அவ பொழைச்சிருப்பா."

அன்னம்மா மீதித் துணியை மடித்து வைத்தாள்.

"அக்கா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. நான் சும்மா போயிடல. காய்ச்சல்ல விழுறதுக்கு முன்னால ரெண்டு தரம் கிராணி ஐயாகிட்ட போய் நின்னேன். கொஞ்சம் கூட்டிக் குடுங்க, பிள்ளைங்க பட்டினின்னு கேட்டேன். என்ன சொன்னாரு தெரியுமா? 'ரத்தினம்மா ஒரு காசு வாங்காம செய்யிறாங்க. அவங்க பக்கத்துல நின்னுக்கிட்டு நீ சம்பளத்தைக் கூட்டுன்னு கேக்குறியே, உனக்கு வெக்கமா இல்லையா?'ன்னு கேட்டாரு."

ரத்தினம்மாவின் முகம் வெளுத்தது.

"எனக்கு மட்டும் இல்ல. சமையக்காரர் கேட்டப்பவும் அதேதான். ஆம்பளைங்க பக்கத்துல வேலை செய்யிற மஜீது கேட்டப்பவும் அதேதான். யார் வாயைத் தொறந்தாலும் உங்க பேரைத்தான் எடுத்து முன்னால வைப்பாங்க. உங்களுக்கு வாடகை வருது அக்கா. எனக்கு யாரு குடுப்பா? கடைக்காரன்கிட்டப் போய் நான் புண்ணியம் செஞ்சிருக்கேன், ரெண்டு படி அரிசி போடுன்னு கேக்க முடியுமா?"

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உங்களால எனக்குச் சம்பளம் கூடலைன்னா? நீங்க என் பிள்ளைங்களுக்கு மீன் வாங்கிக் குடுத்தவங்க."

தங்ளினிலிருந்து ரத்தினம்மா டோபி காட் வரை நடந்தே வந்தாள். ரிக்‌ஷாக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து கேட்டதுகூட அவள் காதில் விழவில்லை. தான் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அன்னம்மாவின் அடுப்பிலிருந்தும் மஜீதின் அடுப்பிலிருந்தும் எடுத்துக் கொடுத்தது போல அவளுக்குத் தோன்றியது. ஆண்டுக் கூட்டத்துக் கைதட்டல் ஞாபகம் வந்தது. அதைக் கேட்டுத் தன் மனசு குளிர்ந்தது ஞாபகம் வந்தபோது, நடுச்சாலையிலேயே அவளுக்குக் கூசியது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடாமலே போனாள். முன்கூடத்தில் நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கதவோரம் நின்றாள்.

"என்னம்மா, மருந்து ஏதாச்சும் தீந்துபோச்சா?" என்றார் சுப்பிரமணியம்.

"இல்லீங்க ஐயா. எனக்குச் சம்பளம் வேணும்."

யாரோ சிரித்தார்கள். அழகப்பன் மட்டும் கரிசனமாகப் பார்த்தார். "வாடகை சரியா வரலையா அம்மா? ஒலி முகம்மதுகிட்ட நான் பேசுறேன்."

"வாடகை வருதுங்க. ஒரு குறையும் இல்ல. நான் செய்யிற வேலைக்குச் சம்பளம் வேணும். எனக்கு என்ன குடுக்கிறீங்களோ அதையே இங்க வேலை செய்யிற மத்தவங்களுக்கும் குடுக்கணும். சீக்கா விழுந்தா பாதிச் சம்பளமும் படுக்க ஒரு கட்டிலும் குடுக்கணும். வாரத்துல ஒரு நாள் வீட்டுல இருக்க விடணும்."



"ஊரெல்லாம் உன்னைத் தாயின்னு கும்பிடுது" என்றார் அழகப்பன். அதுவரை 'நீங்கள்' என்று அழைத்தவர் 'நீ' என்று இறங்கியது எல்லார் காதிலும் விழுந்தது. "தாய் எங்கேயாச்சும் கூலி கேப்பாளா?"

"தாயின்னு சொல்லித்தாங்க எங்கூட இருந்தவங்களை எல்லாம் வெரட்டுனோம். எடுத்துக் குடுக்க ஒரு கை இல்லாம ஒரு பொண்ணு தாகத்துக்குத் தண்ணி எட்டாம செத்துப்போனா. அவளை யாரும் தாயின்னு கும்பிடலீங்க."

"இது தர்மக் காசு. ஏழைக்குக் கஞ்சி ஊத்தச் சொல்லிக் குடுத்தது. அதை எடுத்துச் சம்பளமா பிரிச்சுக்கவா?"

"கஞ்சி தானா வாய்க்குள்ள போயிடாதுங்க ஐயா. ஊட்ட ஒரு கை வேணும். அந்தக் கைக்கும் பசிக்கும்."

மேசையின் ஓரத்தில், எப்போதும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அப்துல் கஃபார் தலை நிமிர்ந்தார். நாகூர்க்காரர், துணி வியாபாரி. "என் கடையில வேலை செய்யிறவனுக்கு நான் கூலியைக் குறைச்சா ஊர் என்னை மோசக்காரன்னு சொல்லும்" என்றார் மெதுவாக. "இங்க குறைச்சா தர்மவான்னு சொல்லுது. எனக்கு இது ரொம்ப நாளா நெஞ்சுல உறுத்துது."

"குடுக்கலைன்னா என்ன செய்வே? வேலைக்கு வர மாட்டியா?" என்றார் அழகப்பன்.

ரத்தினம்மா ஓரடி உள்ளே வந்தாள். "வருவேன். அவங்களை விட்டுட்டு என்னால இருக்க முடியாது. அது உங்களுக்கும் தெரியும். ஆனா இனிமே கூட்டத்துல என் பேரைச் சொல்லாதீங்க. பத்திரிகையில எழுதாதீங்க. மீறிச் சொன்னீங்கன்னா, அதே கூட்டத்துல நான் எழுந்து நின்னு, சம்பளம் கேட்டேன், இவங்க குடுக்கலைன்னு சொல்லுவேன்."

சுப்பிரமணியம் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பெயருக்காக வரும் பணம் எவ்வளவு என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அன்று முடிவாகவில்லை. இரண்டு மாதம் இழுத்தது. அப்துல் கஃபார் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் சிராங்கூன் சாலையிலும் கடை கடையாக ஏறி, மாதாமாதம் சிறு தொகை தருவதாகப் பலரிடம் வாக்கு வாங்கி வந்தார். பெரும்பாலும் கேட்டது கிடைத்தது. சம்பளம், தங்ளினில் அன்னம்மா வாங்கிய அளவுக்கு இல்லை, அதில் முக்கால் பங்கு. நோய்க்குப் பாதிச் சம்பளம். கட்டில் விதி மாறியது. ஓய்வு நாள் வாரம் ஒன்று இல்லை, மாதம் இரண்டு. அழகப்பன் தலைவர் பதவியை உதறிவிட்டுப் போனார். அவரோடு அவர் வீட்டு அரிசியும் போனது.

அந்த வருஷம் சத்திரத்தில் கஞ்சி நீர்த்துப்போனது. கட்டிலில் கிடந்த ஒரு கூலிக்காரன் கிண்ணத்தைத் திருப்பிக் காட்டி, "நீங்கள்லாம் சம்பளம் வாங்குறீங்களாமே அம்மா, அதான் அரிசியைக் காணோமா?" என்று கேட்டான். ரத்தினம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய் நின்றாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று அன்று முழுவதும் நினைத்தாள். கோயிலில் அவள் காலைத் தொட வந்தவர்கள் இப்போது அவளைப் பார்த்ததும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "இத்தனை வருஷம் வேஷம் போட்டா, இப்ப வெளுத்துப்போச்சு" என்று ஒருத்தி சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அதற்கு அவள் அழுதாள். அந்த மரியாதை தனக்கு இவ்வளவு வேண்டியிருந்தது என்பது அது போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

முதல் சம்பளத்தை எல்லாரோடும் வரிசையில் நின்று வாங்கினாள். நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய் உண்டியல் முன் நின்றாள். போட்டுவிட்டால் போதும், பேச்செல்லாம் அடங்கிவிடும். மறுபடியும் காலைத் தொடுவார்கள். ஆனால் மறுமாதமே யாரோ சமையல்காரரிடம் சொல்வார்கள்: ரத்தினம்மா வாங்கித் தர்மத்துக்கே போட்டுட்டாங்க, நீ என்னடா என்று. அவள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். கடைக்குப் போய்ப் பேரம் பேசி, வலிக்கும் தன் இடுப்புக்காக ஒரு நல்ல இலவம்பஞ்சு மெத்தை வாங்கினாள். அதை ரிக்‌ஷாவில் நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டு, சிராங்கூன் சாலை வழியாகவே சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கடைகளின் முன்னே அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அந்த வழியாக வந்தாள். ஆனாலும் தலையை நிமிர்த்த அவளால் முடியவில்லை.

நாளாக நாளாக ஊர் வேறு பேச்சுக்குப் போனது. மஜீது நின்றுவிடாமல் இருந்தான். பெண்கள் பக்கம் வந்தவர்கள் தங்கினார்கள். கட்டிலில் இருப்பவர்களின் பெயரும், யாருக்குப் புளி ஆகாது, யார் கெட்ட கனவு கண்டு அலறுவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிய வந்தது. ஐரோப்பாவில் சண்டை மூண்டு தங்ளின் துரை குடும்பம் கப்பலேறியபோது, அன்னம்மா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்திரத்து வாசலில் வந்து நின்றாள்.

"என்ன சம்பளம் அக்கா இப்ப?" என்றாள்.

சொன்னாள் ரத்தினம்மா.

"துரை குடுத்தது இதைவிடக் கூட" என்று சிரித்தாள் அன்னம்மா. "சரி, வாங்க. அந்தக் கிழவி இன்னும் இருக்கா?"

கிழவி போய் வெகுநாளாகியிருந்தது.

சண்டை முடியும் தறுவாயில் ஊரெங்கும் அந்தப் பெரிய சளிக்காய்ச்சல் வந்தது. கடைகள் அடைத்துக் கிடந்தன. சவ வண்டிகள் ஓயவில்லை. சத்திரத்தில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தார்கள். மற்ற இடங்களில் வேலைக்காரர்கள் பயந்து ஓடினார்கள் என்று பேச்சு வந்தது. சத்திரத்தில் ஒருவரும் ஓடவில்லை. விழுந்தவர்கள் அங்கேயே விழுந்தார்கள், அங்கேயே படுத்தார்கள், தேறியவர்கள் எழுந்து மறுபடி வாளியைத் தூக்கினார்கள்.

அன்னம்மாவும் விழுந்தாள். இந்தத் தடவை யாரும் அவளைக் கட்டிலை விட்டு இறங்கச் சொல்லவில்லை. ரத்தினம்மா பக்கத்திலேயே இருந்தாள். மூச்சு வாங்க முடியாத நிலையிலும் அன்னம்மா, "பிள்ளைங்களுக்கு அரிசி..." என்று ஆரம்பித்தாள். "சம்பளம் வீட்டுக்குப் போயிடுச்சு. நேத்தே சுப்பிரமணியம் ஐயா ஆள் அனுப்பிட்டாரு" என்றாள் ரத்தினம்மா. அன்னம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் காலை, மாதா கோயில் பாதிரியார் வந்து எண்ணெய் பூசிச் சென்ற பிறகு, அமைதியாகப் போய்விட்டாள்.

காய்ச்சல் ஓய்ந்த பிறகு சங்கம் கூடி, அவள் குடும்பத்துக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுப்பது என்று முடிவு செய்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. நரைத்துப்போயிருந்த சுப்பிரமணியமே அதை முன்மொழிந்தார். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை ரத்தினம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நசுங்கிய காலோடு தகப்பன் உள்ளே படுத்திருக்க, அன்னம்மாவின் சின்னப் பெண்தான் வாசலுக்கு வந்தாள். வளர்ந்து, முகம் அப்படியே தாயை உரித்து வைத்தது போல் இருந்தாள். பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"பெரியம்மா, அம்மா பாத்த வேலைக்கு ஆள் எடுத்துட்டாங்களா?"

"இல்லம்மா."

"நான் வரட்டுமா? என்ன சம்பளம் தருவாங்க?"

கேட்பதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டாள். ரத்தினம்மா சம்பளத்தைச் சொன்னாள். மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு, சீக்காக விழுந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெண் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில பூசைக்குப் போகணும்" என்றாள்.

"போ. நான் பாத்துக்கிறேன்" என்றாள் ரத்தினம்மா. "திங்கக்கிழமை வந்துடு."